டாக்டர் சீட்டு இல்லாமல்

“இருமல் மருந்தா? டாக்டர் சீட்டு எங்க?”

மருந்துக்கடைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். கவுண்டருக்கு வெளியே நின்ற அவள் அவன் கண்களைப் பார்த்தாள். பொல்லாத கண்கள்... பார்த்த இடத்தை விட்டு நகரவே மாட்டோம் என்றன.

“சீட்டு இல்ல. ரெண்டு பாட்டில் வேணும்.”

“நீங்க ஒரு தடவகூட இருமலையே.”

“இருமிக் காட்டினா குடுப்பீங்களா?”

“மாட்டேன்” என்றவன் குரலைத் தாழ்த்தினான். “எவ்ளோ நாளா குடிக்கறீங்க?”

அவளுக்குச் சுருக்கென்றது. அவளாவது, குடிப்பதாவது! அந்தப் பகுதி இளைஞர் மையத்தின் தொண்டர் அவள். இருமல் மருந்தைப் போதைக்குக் குடித்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள். சீட்டில்லாமல் விற்பது யார் என்று கடை கடையாகப் போய்க் கேட்டுப் பார்ப்பது மையத்தின் வழக்கம். இருபத்தைந்து வயதிலும் கல்லூரிக்காரி போல முகம் இருந்ததால் இந்த வேலை அவள் தலையில் விழுந்தது. எல்லாக் கடையும் முடியும்வரை தான் யாரென்று வாயைத் திறக்கக் கூடாது.

“உங்க வேலையப் பாருங்க” என்று வெடுக்கெனச் சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.

மறுநாள் காலை மையத்தின் உதவி எண் ஒலித்தது. எடுத்தவள் அவளேதான்.

“மருந்துக்கடையில இருந்து பேசறேன். நேத்து ஒரு பொண்ணு இருமல் மருந்து கேட்டாங்க. குடுக்கல... ஆனா சும்மா அனுப்பிட்டேன். உங்க நம்பர் என் கடைச் சுவத்துலயே ஒட்டியிருக்கு. அதக் குடுக்கணும்னு தோணலயே.” குரல் கம்மியது. “என் தம்பி இதுல விழுந்து, படாதபாடு பட்டு மீண்டான். அவன் வாங்கின கடையில ஒருத்தர், ஏன்ப்பானு கேட்டிருந்தா... அந்தப் பொண்ண எப்படியாவது தேடுங்க. சின்ன முகம். கண்ணு மட்டும் பெருசு. மறக்கவே முடியல.”

அவள் “தேடறோம்” என்று மட்டும் சொன்னாள்.

மையத்தை நடத்தும் அக்காவிடம் ஓடினாள். “அவர்கிட்ட சொல்லிடறேன்க்கா. பாவம், தவிக்கிறார்.”

“ஒரு கடைக்குத் தெரிஞ்சா எல்லாக் கடைக்கும் தெரிஞ்சிடும். மிச்சத்த முடிச்சிட்டு தாராளமா சொல்லு.” அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “தவிக்கிறது அவர் மட்டுந்தானா?”

அன்று முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கடையில் கால் வைக்கும்போதே மனம் அடுத்த கடைக்கு ஓடியது. யார் நிமிர்ந்து பார்த்தாலும் அந்தக் கண்கள்தான்... கடைசிக் கடை முடிந்ததும் கையிலிருந்த குடையை விரிக்கக்கூட மறந்து மழையில் அவன் கடைக்கு ஓடினாள்.

அவளைக் கண்டதும் அவன் கவுண்டரைவிட்டு வெளியே வந்தான். “வந்துட்டீங்களா... உட்காருங்க. பயப்படாதீங்க.”

அந்தக் கரிசனத்தை அவளால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவன் முகம் இறுகியது. “அப்போ நேத்துல இருந்து நான் சோறு தண்ணி இறங்காம கிடந்தது... ஒரு சோதனைக்காகவா?”

“கோபம் நியாயந்தான். ஆனா பாதிக் கடையில கேட்ட உடனே எடுத்து நீட்டினாங்க. எவ்ளோ நாளானு கேட்டது நீங்க ஒருத்தர்தான்.”

அவன் கவுண்டருக்குள் திரும்பிப் போனான். அவள் எழுந்து வாசல்வரை போய்விட்டாள்.

“காலைல ஃபோன எடுத்தது யாரு?” என்றான் பின்னாலிருந்து.

“நான்தான்.”

“கண்ணப் பத்தி ஏதோ சொன்னேனே...”

“அதுவும் கேட்டுச்சு.”

அவன் கூச்சத்தில் பிடரியைத் தடவினான். அவள் திரும்பாமலே பேசினாள்.

“சோதனை முடிஞ்சிடுச்சு. இனிமே இந்தக் கடைக்கு வர எனக்குக் காரணமே இல்ல. அத நெனச்சா... மனசு கெடந்து அடிச்சுக்குது.”

“உங்களப் பார்க்காம இனி எனக்கும் முடியாது. தினமும் வாங்க.” முதன்முறையாகச் சிரித்தான். “அதுக்கு நான் டாக்டர் சீட்டு கேக்க மாட்டேன்.”