அக்கா உறைந்து போகவில்லை

"ஹலோ, கேட்குதா? உங்க வீடியோ அப்படியே நின்னுபோச்சு!"

மடிக்கணினித் திரையில் இருந்த அதிகாரி இப்படிச் சொன்னதும், கட்டிலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த கடுகு வாயைப் பொத்திக்கொண்டாள். நின்றுபோனது வீடியோ இல்லை. அவளுடைய அக்காதான்.

கடுகுக்குப் பத்து வயது. அக்கா படிப்பை முடித்துவிட்டு மென்பொருள் எழுதும் வேலை தேடுகிறாள். இது நான்காவது நேர்காணல். கேள்வி கேட்டால் போதும், கண்கூட இமைக்காமல் யோசிப்பாள். விடை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

மாலையில் மின்னஞ்சல் வந்தது. இந்த வேலையும் இல்லை.

அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடுகு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஒண்ணு இருக்கு. அதுவும் போச்சுன்னா, இந்த ஆசையையே விட்டுடப் போறேன்" என்றாள் அக்கா.

"இன்னிக்குக் கேட்டதுக்கு விடை தெரிஞ்சுதா?"

"பாதி தெரிஞ்சுது."

"அதை அவர்கிட்ட சொன்னியா?"

"பாதியை எப்படிடி சொல்றது?"

"எங்க கணக்கு டீச்சர் பாதிக்கும் மார்க் போடுவாங்க. ஆனா நோட்டுல இருக்கணும். மண்டைக்குள்ள இருந்தா போட மாட்டாங்க."

அக்கா மெல்லத் திரும்பினாள்.

கடுகு அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "ம்ம்... என் புத்தக அலமாரியை எப்படி அடுக்குவீங்க? நீங்க யோசிக்கிறது எனக்குக் கேட்கணும்."

"முதல்ல பெரிய புத்தகமா எடுத்து... இல்ல, இரு, அது தப்பு."

"தப்பும் கேட்கட்டும்!"

அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை விளையாட்டு நடந்தது. பிறகு கடுகு ஒரு தாளில் 'ஆ'வென்று திறந்த வாயை வரைந்து, மடிக்கணினிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினாள்.

மறுநாள் கேள்வி கேட்டது ஒரு பெண் அதிகாரி. நீளமான பட்டியலில் இரண்டு முறை வரும் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது கேள்வி. அக்கா உறைந்தாள். கட்டிலில் கடுகு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் பார்வை சுவருக்குப் போனது.

"எனக்கு இது முழுசாத் தெரியல மேடம். ஆனா பட்டியலை முதல்ல வரிசைப்படுத்தலாம்னு தோணுது..."

"வரிசைப்படுத்தாம முடியாதா? யோசிங்க."

"ஓ! ஏற்கெனவே பார்த்ததைத் தனியா குறிச்சு வெச்சா..."

"அப்படித்தான். மேல சொல்லுங்க!"

வெள்ளிக்கிழமை வேலை உறுதியானது.

திங்கட்கிழமை காலை அக்கா அலமாரி முன் நின்றாள். "நீலச் சட்டை போடலாம். ஆனா கசங்கியிருக்கு. தேய்க்க அஞ்சு நிமிஷம். பச்சைன்னா ஒரு பட்டன் இல்ல. அப்போ..."

கடுகு தலையணையால் காதை மூடிக்கொண்டாள்.

"அக்கா, அதான் வேலை கிடைச்சாச்சே! இனிமே கொஞ்சம் மனசுக்குள்ள யோசியேன்!"