சுவிட்சில் கிடந்த துண்டு

முத்துலிங்கம் திருகாணிகளைக் கழற்றிக் கழற்றித் தேத்தண்ணிக் கோப்பையின் பீரிசில் போட்டுக்கொண்டிருந்தான். மேசையில் மனைவி புனிதவதியின் லெப்டொப் குப்புறக் கிடந்தது. கந்தப்பளை டவுனில் முஹ்ஸின் கடையில் வாங்கிய பழைய சாமான். போன வாரம் அதே முஹ்ஸின் ஒரு சிடியைக் கையில் கொடுத்து, "இத ஏத்துங்க டீச்சர், புது அப்டேட். வைரஸ் கிட்டயே வராது" என்று சொல்லியிருந்தார். வைரஸ் வரவில்லைதான். ஆனால் ஏற்றிய நாளிலிருந்து உள்ளே இருந்த சின்ன விசிறி கத்த ஆரம்பித்துவிட்டது. ஒரு மூச்சு இழுக்கும், ஒரு கணம் அப்படியே நிற்கும், பிறகு கரகரவென்று உரசிக்கொண்டு வெளியே விடும். பள்ளிக்கூடத்து வினாத்தாளை அடிக்க உட்கார்ந்தால், பக்கத்தில் இழுப்புக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கும்.

"ஏங்க, பேசாம முஹ்ஸின் நானாகிட்டயே குடுத்திருக்கலாம்ல?"

"காத்தாடி எனக்குத் தெரியாதா? ஸ்டோர்ல ஆள் உசரக் காத்தாடியோட இத்தன வருசமா குடும்பம் நடத்துறேன். இது அதுக்குப் பொறந்த குட்டி."

"அப்ப நான் யாராம்?"

"நீ ரெண்டாந்தாரம்."

அவள் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஸ்டோர் என்று அவன் சொன்னது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை. அதன் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் நீளத் தொட்டிகள் வரிசையாக இருக்கும். தொட்டிக்கு அடியில் காற்றுப் போக ஓர் இருட்டுப் பொந்து, அதன் வாயில் பெரிய விசிறி. உள்ளே கோளாறு என்றால் ஆள் தவழ்ந்துதான் போக வேண்டும். போகுமுன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துச் சுவிட்சின் மேல் போட்டுவிட்டுப் போவான். துண்டு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். தோட்டத்துத் துரையே வந்தாலும் அந்தச் சுவிட்சில் கை வைக்க மாட்டார். போட்டவன்தான் எடுக்க வேண்டும்.

அன்றைக்கும் முத்துலிங்கம் லெப்டொப்பின் பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்தான். சுவரில் அதன் பிளக் செருகியிருந்த சுவிட்சை அணைத்து, நீலக்கரை போட்ட தன் துண்டை அதன் மேல் போட்டான்.

"இத்துனூண்டு பெட்டிக்குள்ள தவழ்ந்து போகப் போறீங்களாக்கும்."

"சிரிக்காத. தொழில்னா தொழில்."

மழை மூன்றாவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. பகலிலேயே மூடுபனி ஜன்னலில் வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. கீழே தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பக்கமிருந்து இராமையா மாமாவின் குரல் மேலே ஏறி வந்தது. அவர் முத்துலிங்கத்தின் சித்தப்பா, புனிதவதிக்கு மாமா முறை, ஸ்டோர் மேல்மாடியில் அவனுக்கு வேலை பழக்கியவர்.

"முத்தூ! கடைசிக் காம்பரா வீட்டுல தர வெடிக்குதுடா! ஆளுகள வெளிய எடுக்கணும், வா!"

முத்துலிங்கம் ஸ்குரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தான். கதவோரம் கிடந்த உரச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

"துண்ட எடுத்துத் தலையக் கட்டிக்கங்க. சாக்கு நாறுது."

"அது கெடக்கட்டும். வேல இன்னும் முடியல. சுவிட்சத் தொட்டுறாத, வந்து மூடுறேன்."

கோப்பையில் பாதித் தேத்தண்ணி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

முதலில் வாடைதான் வந்தது. புதிதாகக் குழி வெட்டினால் எழும் வாடை, பச்சை மண்ணும் அறுந்த வேரும் கலந்து, கதவு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த வீட்டுக்குள் தரைவழியாக ஏறி வந்ததுபோல் வந்தது. பிறகு மலை ஒரு முறை தொண்டையைச் செருமியது. பீரிசில் திருகாணிகள் குலுங்கின. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை, மழைகூட நின்றுவிட்டதோ என்று அவள் நினைத்தாள். ஜன்னலைத் திறந்தபோது மழை பெய்துகொண்டுதான் இருந்தது. லயம்தான் இல்லை.

மேல்பக்கம் நின்றதால் இராமையா மாமா தப்பினார். மண்ணிலிருந்து ஆட்களை ஒவ்வொருவராக எடுத்தார்கள். முத்துலிங்கத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. இன்னும் தோண்டினால் மேலே இருப்பதும் சரியும் என்று ஆமிக்காரர்கள் மண்வெட்டிகளைக் கீழே வைத்துவிட்டார்கள். மிஞ்சிய சனம் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போனது. புனிதவதியையும் வந்து வந்து கூப்பிட்டார்கள்.

"வீட்டப் பாத்துக்கணும்" என்றாள் அவள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது சுவரை. அவள் போய்விட்டால் யாராவது உள்ளே வருவார்கள். அந்தத் துண்டை எடுத்து முகம் துடைப்பார்கள். மடித்து வைப்பார்கள். அது கிடக்கிற வரையில் அவன் உள்ளே இருக்கிறான், வேலை முடியவில்லை, வந்து மூடுவான். இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொல்லாமல் அந்த இரண்டறைக் குவார்ட்டர்ஸில் அவள் அடைந்து கிடந்தாள். முன்பாதை சரிந்து போயிருந்தது. பின்பக்கம் தேயிலைக்குள்ளால் ஏறி இறங்க ஒரு தடம் மட்டும் இருந்தது, அதையும் மத்தியானத்துக்கு மேல் மூடுபனி அழித்துவிடும். கரண்ட் அன்றைக்குப் போனது போனதுதான்.

ஒரு சாயங்காலம், கூரைப் பீலியில் தண்ணீர் வடிகிற சத்தம் என்றுதான் முதலில் நினைத்தாள். இழுத்து ஒரு மூச்சு. ஒரு கணம் நின்றது. பிறகு கரகரவென்று உரசிக்கொண்டு வெளியே.

மேசையருகே குப்பி விளக்கைக் கொண்டுபோனாள். மூடி கழன்ற லெப்டொப்புக்குள் விசிறியின் கறுத்த இதழ்கள் மெல்ல, மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. பேட்டரி அவன் வைத்த இடத்திலேயே கிடந்தது. இதழ்களின் ஓரத்தில் என்னவோ பிசுபிசுத்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். செம்மண், ஈரமாக.

துடைத்தாள். மறுநாளும் இருந்தது. மறுபடி துடைத்தாள். காது துடைக்கிற பஞ்சைக் குச்சியில் சுற்றி, குழந்தையின் மூக்கைச் சுத்தம் செய்கிற கவனத்தோடு இதழ் இதழாக எடுத்தாள். எடுத்த பிறகு மூச்சு கொஞ்சம் சீராகும். அதற்காகவே அவள் தூங்காமல் இருந்தாள். இழுப்புக்கும் விடுவதற்கும் நடுவே இருந்த இடைவெளி மட்டும் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது.

முஹ்ஸின் துக்கம் கேட்க வந்தார். பாணும் சீனியும் மெழுகுதிரியும் கொண்டுவந்திருந்தார். கட்டியிருந்த சாரமெல்லாம் சேறு.

"நானா, இது சத்தம் போடுது. கொஞ்சம் பாருங்களேன்."

அவர் குனிந்து பார்த்தார். "பேட்டரி வெளிய கெடக்கு. கரண்டும் இல்ல. இது எப்புடி டீச்சர் சத்தம் போடும்?" என்று கேட்டபடியே காற்று வருகிற வாயில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது. தலையைச் சாய்த்து எதையோ கேட்கிறவர் போல இருந்தார். பிறகு கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார், ஒரு தடவை அல்ல, பல தடவை.

"கேக்குதா நானா?"

"எங்க வீட்ல வந்து இருங்க டீச்சர். பொம்பளப் புள்ளைங்க எல்லாம் இருக்கு. இங்க தனியா இருக்கக் கூடாது."

ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்காமல் போனார். சாரத்தில் அவர் துடைத்த இடம் செவ்வென்று இருந்தது.

கருமாதி அன்று இராமையா மாமா வந்தார். உடம்பு கிடைக்காதவனுக்கு, அவன் மேல் பட்ட, தண்ணீரில் நனைக்காத துணி ஒன்றைப் புதைக்க வேண்டும். புனிதவதி அவனுடைய உடுப்பையெல்லாம் துவைத்திருந்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் துவைத்தாள். அவை அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கிக்கொண்டு, அந்த மழையில் காயாமல் புகை வாடை அடித்தன. துவைக்காதது ஒன்றே ஒன்றுதான்.

மாமா சுவர்ப்பக்கம் கையை நீட்டினார். பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

"நான் தொடக் கூடாதும்மா. போட்டவன் இல்லன்னா அவன் வீட்டுக்காரிதான்."

"எடுக்கலாமா மாமா? ஆளு உள்ள இல்லன்னு எப்புடித் தெரியும்?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை.

"பொந்து வாயில நின்னு மூணு தரம் பேரச் சொல்லிக் கூப்புடுவோம். உள்ள இருந்தா கைல இருக்கிற ஸ்குரூ டிரைவரால தட்டுவான். ஒடனே தட்ட மாட்டான், தவழ்ந்து வாய்க்கு வரணும்ல. அதுவரைக்கும் பொறுப்போம். தட்டலன்னா எடுக்கலாம்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் ஒருநாளும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேசைமேல் குனிந்தாள். விசிறிக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

"முத்துலிங்கம்."

விசிறியின் மூச்சு நின்றது.

"முத்துலிங்கம். முத்துலிங்கம்."

பொறுத்தார்கள். மாமா ஒரு பீடியை முழுக்கக் குடித்து முடித்தார். அடுப்பில் விறகு ஒன்று வெடித்தது. வேறு சத்தமில்லை. புனிதவதி துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அது லேசாக இருந்தது, உலர்ந்து, அவன் கழுத்து வேர்வை மணத்தது.

"சாமானக் கட்டி வை. பொதச்சுட்டு வந்து ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் மாமா.

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. ஆம்பிளைகள் மூடுபனிக்குள் இறங்கிப் போவதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். தப்புமேளச் சத்தம் தேய்ந்து போனது. வீடு அமைதியாக இருந்தது. அத்தனை நாளில் முதல் தடவையாக அமைதி. அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சாமான் கட்டினாள். கரண்ட் வந்தால் தெரியட்டும் என்று, எல்லாரும் செய்கிற மாதிரி, விளக்குச் சுவிட்சைப் போட்டாள். பக்கத்திலிருந்த பிளக் சுவிட்சிலும் கை போனது. அதன் மேல் இப்போது ஒன்றுமில்லை. அதையும் போட்டாள்.

லெப்டொப்பின் மூடியை எடுத்துப் பொருத்தினாள். பீரிசிலிருந்து திருகாணிகளை எடுத்து விரலாலேயே முறுக்கினாள். ஒன்று. இன்னொன்று.

டக்.

கை நின்றது.

டக். டக்.

மூடிக்கு அடியிலிருந்து. இரும்பால் இரும்பைத் தட்டுகிற சத்தம். பொறுமையாக. வேலை தெரிந்த கை.

ஸ்டோர் மாடியில் பொந்து கொஞ்ச தூரம்தான். தவழ்ந்து வர ஒரு பீடி நேரம் போதும். மலைக்குள்ளிருந்து வர எவ்வளவு நேரமாகும்? அதை அவர்கள் யோசிக்கவில்லை. கூப்பிட்டது அவனுக்குக் கேட்டிருக்கிறது. அவன் தவழத் தொடங்கியிருக்கிறான். இத்தனை நேரமும் தவழ்ந்திருக்கிறான். இப்போது வாய்க்கு வந்துவிட்டான்.

சுவிட்ச்.

அவள் பாய்ந்தாள். அதே நொடியில், தூரத்தில், ஸ்டோரின் பெரிய விசிறிகள் ஒன்றன்பின் ஒன்றாக முனகி எழுந்தன. தலைக்கு மேல் பல்ப் சிவந்தது. வெளுத்தது.

கரண்ட்.

லெப்டொப் அலறியது. பொத்தானை யாரும் அழுத்தவில்லை. அது அலறியது. சுவிட்சை அணைத்தாள். நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். நிற்கவில்லை. டக்டக்டக்டக் என்று அவசரமாக, கண்மண் தெரியாமல், உள்ளிருந்து. பிறகு இதழ்கள் எதிலோ பட்டன. இரும்பில் அல்ல. மெத்தென்ற எதிலோ.

திரும்பத் திரும்ப.

பிறகு நின்றது.

மூடியின் இடுக்கிலிருந்து செம்மண் தண்ணீர் மேசைமேல் வழிந்து, பீரிசுவரை வந்து, அதைச் சுற்றிக்கொண்டு போனது.

எவ்வளவு நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாளோ தெரியாது. கதவு திறந்தது. இராமையா மாமா வாசலில் நின்று கால் சேற்றைத் தேய்த்தார். "பொதச்சாச்சும்மா. நானே மண்ணத் தள்ளி..."

அவர் பேச்சு அறுந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் திரும்பினாள்.

நீலக்கரைத் துண்டு சுவிட்சின் மேல் கிடந்தது. சேறு சொட்டியது.

புனிதவதி அந்தக் குவார்ட்டர்ஸை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடம் மாற்றல் தந்தது, வேண்டாம் என்றாள். கரண்டை அறுக்கச் சொல்லிவிட்டு விளக்கில் இருக்கிறாள். லயம் இருந்த சரிவில் தேயிலை வைத்தார்கள், அது இடுப்பளவு வளர்ந்து கவாத்தும் வெட்டியாயிற்று. மாமாவும் போய்ச் சேர்ந்தார். வெயில் காலத்தில் வீட்டுக் கொடியில் எதைப் போட்டாலும் ஒரே பகலில் மொறமொறவென்று காய்ந்துவிடுகிறது.

சுவிட்சில் கிடக்கும் துண்டு மட்டும் இன்னும் காயவில்லை.