பேஸ்காரனுக்கு விட்ட இடம்

கடலூர் முதுநகரில் அந்த வாடகை வீட்டைத் திறந்துவிட்டபோதே வீட்டுக்காரம்மா பட்டம்மாள் சொல்லிவிட்டாள்.

“உள் ரூம்ல மேசை மாதிரி ஒண்ணு கெடக்கும் தம்பி. முன்னாடி இருந்த லூர்துசாமியோடது. அவுரு செத்து மூணு வருசம் ஆவுது. எடுத்துக்கிட்டுப் போவ ஒருத்தரும் வரல. வேணும்னா நீயே வெச்சிக்க.”

சார்லஸ் துணியை விலக்கினான். மேசையில்லை, பெடல் ஸ்டீல் கிட்டார். பத்துக் கம்பி, பாதத்தால் அழுத்தப் பெடல்கள், முழங்காலால் தள்ள லீவர்கள். சர்ச்சிலும் கல்யாணக் கச்சேரியிலும் சாதா கிட்டார் வாசித்தே முப்பத்திரண்டு வயதானவனுக்கு வாயெல்லாம் பல். உல்லாசக் கப்பல் ஒன்றின் பேண்டில் வாசிக்கும் சிதம்பரத்து நண்பன் மணவாளன், “எங்க பேண்டுக்குப் பெடல் ஸ்டீல்ல ஜாஸ் வாசிக்கிற ஆளு இருந்தா சொல்லு மச்சான், ரெண்டு மாசத்துல லீவுல வருவேன்” என்று போன வாரம்தான் போனில் கேட்டிருந்தான்.

ஐந்து மாத வயிற்றோடு வாசலில் நின்ற அவன் மனைவி மாலதிக்கு அந்த அறையின் வாடை பிடிக்கவில்லை. “உப்புத் தண்ணியில ஊறுன துணி நாத்தம் அடிக்குதுங்க. அந்த ஜன்னலத் தெறங்க” என்றாள். ஜன்னலைத் திறந்த பிறகும் வாடை போகவில்லை.

பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட் அவுட்டுகளையும், கிட்டார் பெட்டிக்குள் கிடந்த லூர்துசாமியின் நோட்டையும் வைத்துக்கொண்டு அவனாகவே கற்றுக்கொள்ள உட்கார்ந்தான். ஜாஸ் கார்ட், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு, என்றால் எல்லாச் சுரத்தையும் போட்டு அமுக்குவதில்லை. கார்டின் பெயரைத் தாங்கும் அடிச்சுரத்தை விட்டுவிட வேண்டும். அது கூட உட்கார்ந்து கீழ்ச்சுரம் வாசிக்கும் பேஸ்காரனின் இடம். மூன்றாவது, ஏழாவது, ஒன்பதாவது சுரங்களை மட்டும் தொட்டு, கீழே காலியாக விட வேண்டும்.

லூர்துசாமியும் அப்படித்தான் எழுதியிருந்தார். ஒவ்வொரு கார்டுக்குக் கீழேயும் ஒரு வெற்று வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரே வார்த்தை.

அவனுக்கு.

2011ஆம் வருசம் அது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போன கரண்ட் மூன்று மணிக்குத்தான் வரும். கிட்டார் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப் செத்துக் கிடந்தது. வெறும் கம்பியின் சத்தம் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. சார்லஸ் ஒரு கார்டை வாசித்து, அடிச்சுரத்தின் இடத்தை விட்டான்.

அது வந்தது.

ஆம்பிலிருந்து இல்லை. தரையிலிருந்து, கனத்து, மெதுவாக.

குனிந்து பெடல்களுக்கு அடியில் பார்த்தான், யாருமில்லை. பிறகு இன்னொரு கார்ட். விரலைத் தப்பாக வைத்திருந்தான். கீழே சத்தமில்லை. திருத்தி வாசித்தான்.

வந்தது.

பயந்து எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. தப்புக்கு மௌனம், சரிக்கு ஒரு சுரம். இப்படிச் சொல்லிக்கொடுக்க எந்த வாத்தியார் கிடைப்பார்? தினமும் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டான்.

“லூர்துசாமி சார்கூட பேஸ் வாசிக்க யாராச்சும் வருவாங்களாம்மா?” என்று பட்டம்மாளைக் கேட்டான்.

“யாரு வந்தா? ஒத்தையா கெடந்த மனுசன்” என்றாள் அவள். “ஆனா உள்ள ரெண்டு பேரு இருக்கறாப்லதான் கேக்கும்.”

ஒருநாள் வேண்டுமென்றே அடிச்சுரத்தையும் தானே வாசித்துப் பார்த்தான். இந்த வாத்தியத்தில் உட்கார்ந்தால் இரண்டு கையும் கம்பிமேல், பாதம் பெடல்மேல், முழங்கால்கள் லீவர்களுக்கு நடுவில். சட்டென்று எழ முடியாது. இடது லீவர் தானாக நகர்ந்து அவன் முழங்காலை நெருக்கியது. அந்தப் பக்கம் இன்னொரு முழங்கால் இருந்தது. ஈரமாக, ஐஸ் மாதிரி. கட்டைவிரலைக் கம்பியிலிருந்து எடுத்த பிறகுதான் விட்டது.

அப்புறம் அவன் அந்த இடத்தைத் தொடவே இல்லை.

மாலதிக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. “கூட யாரு வாசிக்கிறது?” என்று ஒருநாள் தணிந்த குரலில் கேட்டாள்.

“யாருமில்லியே.”

“பொய் சொல்லாதீங்க. தரை அதிருது. வேற வீடு பாப்பம்ங்க, எனக்கு இங்க இருக்கவே புடிக்கல.”

அவளுக்குப் பயம் என்று அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். “மணவாளன் வர்ற வரைக்கும் பொறு. பத்தே நாளு” என்றான்.

பதினோராம் நாள் காலையில் கிட்டாரைக் கழற்றிப் பெட்டியில் பூட்டி, வேனில் ஏற்றிச் சிதம்பரம் போனான். தெற்கு வீதி லாட்ஜ் ஒன்றின் ஹாலில் மணவாளன் கீபோர்டில் பேஸ் போட, சார்லஸ் வாசித்தான். கை தடுமாறவே இல்லை. தரையிலிருந்தும் எதுவும் வரவில்லை.

“பாஸ்போர்ட்ட ரெடி பண்ணு மச்சான்” என்று தோளில் தட்டிவிட்டு டீ சொல்ல மணவாளன் கீழே போனான்.

அப்பாடா, அது தன்னோடு வரவில்லை என்று நினைத்துப் பெட்டியைப் பூட்டியவனுக்கு, அடுத்த நிமிஷம்தான் உறைத்தது.

அப்படியானால் அது வீட்டில் இருக்கிறது.

செல்போனை எடுத்தான். நெடுநேரம் அடித்த பிறகு மாலதி எடுத்தாள்.

“யாருங்க?”

“நான்தான் மாலதி.”

அவள் கிசுகிசுத்தாள். “நீங்க போன கையோட திரும்பி வந்துட்டீங்களே. கதவு சாத்துற சத்தம் கேட்டுது. உள் ரூம்லதான வாசிச்சிக்கிட்டு இருக்கீங்க?”

போனில் அந்த வாசிப்பும் கேட்டது. அவனுடைய கைவாகு, அவனுடைய கார்டுகள். மூன்று, ஏழு, ஒன்பது. கீழே காலி. திரும்பவும் அதே கார்ட். கீழே காலி.

யாரோ, பேஸ்காரனுக்கு விடுவதுபோல், அவனுக்காக இடம் விட்டுக் காத்திருந்தார்கள்.

“வெளிய போ மாலதி. இப்பவே.”

“வாசக்கதவு தெறக்க மாட்டேங்குதுங்க.”

அவன் காலடியில், பூட்டிய பெட்டிக்குள், அடிக்கம்பி தானாக ஒரு முறை அதிர்ந்தது.

போனில் அந்தக் கார்ட் முழுசானது. வாசிப்பு அடுத்த கார்டுக்குப் போனது. “மாலதி, மாலதி” என்று அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் குரல் அதற்குப் பிறகு வரவில்லை.