இடது பின்சக்கரம்

"தொடாதீங்க!"

மழைக்கு நடுவில் அந்தக் குரல் வந்தபோது, ரிஜோ ஏற்கெனவே வீல் ஸ்பேனரின் மேல் ஏறி நின்றிருந்தான். தலையில் ஹெல்மெட். ஹெல்மெட்டின் மேல் மழை. பாதிதான் காதில் விழுந்தது. விழுந்த பாதியையும் அவன் பொருட்படுத்தவில்லை.

ஒரு குதி குதித்தான்.

டக்...

போல்ட்டின் தலை மட்டும் தனியாகத் தெறித்து, தார்ச்சாலையில் உருண்டு, வயலோரத்து ஓடையில் விழுந்தது.

சுசீந்திரத்துக்குத் தெற்கே, இரண்டு பக்கமும் நெல்வயல். சாலையோரம் பாலாடை நிறத்தில் ஒரு பழைய பிளைமவுத் கார். உருண்டை உடம்பு. குரோமியப் பற்கள். இடது பின்சக்கரத்தில் காற்றில்லை. அந்த வழியாக பைக்கில் வந்தவன், உதவலாம் என்று நிறுத்தியிருந்தான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

காரின் முன்பக்கத்திலிருந்து அவள் ஓடி வந்தாள். கையில் ஒரு பாறாங்கல். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க எடுத்தது... இப்போது அதை வேறு எதற்காவது பயன்படுத்தலாமா என்று யோசிப்பவள் போல நின்றாள்.

"சொன்னேம்லா... தொடாதீங்கன்னு!"

"மழையில சரியா கேக்கல்ல."

"ஹெல்மெட்டக் கழத்தினா கேக்கும்."

கழற்றினான். அப்போதுதான் அவள் முகம் முழுதாகத் தெரிந்தது. இமை முடிகளில் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றாய் விழ மறுத்தன. அதற்குப் பின்னால் இரண்டு பெரிய கண்கள்... கோபத்தில் கறுத்து, மழைக்கு முந்தின வானம் மாதிரி.

"போல்ட்டு துருப்பிடிச்சிருக்கும்ங்க..."

"துருவா? போன மாசம் என் கையால மாட்டினது. இந்த வண்டியில இடப்பக்கத்துச் சக்கரம் ரெண்டுக்கும் மரை தலைகீழு. வலப்பக்கமா சுத்தினாத்தான் கழலும். நீங்க கழத்தல்ல... இறுக்கியே ஒடிச்சிருக்கிய."

ரிஜோ குனிந்து பார்த்தான். மீதியிருந்த நான்கு போல்ட்டுகளின் தலையிலும் இடப்பக்கத்தைக் குறிக்கும் ‘L’ எழுத்து பொறித்திருந்தது. அச்சடித்ததுபோலத் தெளிவாக.

"ஒங்களுக்கு எங்க ஜோலி?" என்றாள்.

"ஆரல்வாய்மொழியில... காத்தாலை கம்பெனியில இன்ஜினியர்."

"அங்க என்ன செய்யுவிய?"

தொண்டையைச் செருமினான். "...போல்ட்டு முறுக்குவேன்."

அவள் அவனைப் பார்த்தாள். உதடுகளை இறுக்கிக்கொண்டாள். கோபத்தை விட்டுவிடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றாள்... முடியவில்லை. சிரித்துவிட்டாள். கல்லைக் கீழே போட்டுவிட்டு, காரில் சாய்ந்து, மழையில் நனைந்து சிரித்தாள்.

அவனுக்கும் சிரிப்பு வந்தது. வந்த பிறகுதான் உறைத்தது. கடைசியாக எப்போது சிரித்தோம் என்று தேடினான். கிடைக்கவில்லை.

அவள் பெயர் ஜின்சி. வடசேரியில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். இந்தக் காரை மேற்கே ஒரு முந்திரி ஆலையின் கொல்லையில் கண்டுபிடித்தாளாம். உள்ளே கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தனவாம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கி, பழைய வண்டிப் பிரியர்களின் குழுவில் கேட்டுக் கேட்டுப் பழுதுபார்த்து, தற்காலிக அனுமதி வாங்கி இன்றுதான் சோதனை ஓட்டத்துக்கு எடுத்திருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருது. பழமை வாகனம்னு பதிவு கிடைச்சாத்தான் வண்டி எனக்கு. இல்லேன்னா ஷெட்ட இடிச்சிட்டு எங்க அண்ணன் கடை கெட்டுவான். வண்டிய வாங்க கோயம்புத்தூருல ஒரு ஆளு இப்பமே அட்வான்ஸோட நிக்கான்."

"போல்ட்டு நான் கொண்டு வாறேன். வெள்ளிக்கு முன்னால." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான். "எல்லாத்தையும் சாதா மரையா மாத்திட்டா தொந்தரவு இல்லியே?"

"எங்க குரூப்புல நாராயணபெருமாள் சாரும் அதத்தான் சொன்னாரு." ஈரக் கையால் சக்கரத்தைத் தடவினாள். "என்னத்துக்கு மாத்தணும்? அது தப்பு ஒண்ணும் செய்யல்ல. அது அப்படித்தான் பொறந்துது. தொடுகவங்கதான் தெரிஞ்சிருக்கணும்."

ரிஜோ வலப்பக்கமாகச் சுற்றினான். நான்கும் பூப்போலக் கழன்றன.

மாற்றுச் சக்கரத்தை நான்கு போல்ட்டில் பூட்டி முடித்ததும், கை துடைக்கத் துணி தேடி அவன் பைக் பெட்டியைத் திறந்தாள் ஜின்சி. உள்ளே ஒரு மெழுகுதிரிப் பாக்கெட். பாதி காலியாகியிருந்தது.

"இது எதுக்கு?"

"கரண்டு போனா வேணுமே..."

பொய். ஏன் சொன்னோம் என்று தோவாளை வரைக்கும் யோசித்துக்கொண்டே போனான். தோவாளையில்தான் அவன் வாடகை வீடு. அன்றைக்குச் சாலையெல்லாம் பிச்சிப்பூ வாசம். முன்பும் இருந்திருக்கும்.

*

செவ்வாய்க்கிழமை மாலை. கோட்டாறில் ஜின்சியின் வீட்டு ஷெட். வடசேரி லேத்தில் நல்ல எஃகில் கடைந்து வாங்கிய புது போல்ட் அவன் சட்டைப்பையில் இருந்தது. தலையில் அதே எழுத்தைப் பொறிக்கச் சொல்லியிருந்தான்.

உடைந்த துண்டு உள்ளேயே மாட்டியிருந்தது. அதை எடுக்க அரைநாள் மல்லுக்கட்ட வேண்டும் என்று நினைத்து வந்திருந்தான். டிரில்லை நடுவில் வைத்து மெல்ல அழுத்தினான். டிரில் வலப்பக்கமாகத்தானே சுற்றும்... துண்டும் அதோடு சேர்ந்து சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே வெளியே வந்து, அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"தன்னால வந்துட்டே!" ஜின்சி கை தட்டினாள்.

அவன் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணைக் கசக்கினான்.

"கசக்காதீங்க! தூள் விழுந்திருக்கு. இப்பமாவது சொன்னதக் கேளுங்க..."

ஸ்டூலில் உட்காரவைத்தாள். டார்ச் வெளிச்சம். அவள் விரல்கள் அவன் இமையைப் புரட்டின. அந்தக் கண்கள் இவ்வளவு அருகில்... கறுப்பு என்று நினைத்தது தவறு. தேன் நிறத்தில் ஒரு வளையம் ஓடியது. அவள் மூச்சில் ஏலக்காய் வாசம். ரிஜோ மூச்சுவிட மறந்தான்.

"கண்ணீர் வந்தா அதுவே கழுவிக் கொண்டாந்துரும்." அவள் குரல் தணிந்தது. "ஒங்களுக்கு வரமாட்டேங்குதே... கண்ணு வறண்டு கெடக்கு. காத்துலயே நிக்கதுனாலயா?"

"...ஆமா."

இரண்டாவது பொய்.

பஞ்சு நுனியில் தூளை ஒற்றி எடுத்தாள். எடுத்த பிறகும் டார்ச்சை அணைக்கவில்லை. இத்தனை பேர் கண்ணைப் பார்த்திருக்கிறாள். உள்ளே யாரோ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது போன்ற கண்ணை இப்போதுதான் பார்க்கிறாள். தட்டலாமா... வேண்டாமா...

அவன்தான் முதலில் எழுந்தான். புது போல்ட்டைப் பூட்டினான். "புதுசு. கொஞ்ச தூரம் ஓடினப்பொறவு லேசா தளரும். மறுபடி முறுக்கணும். காத்தாலையிலயும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை காலையில வந்து பாக்கேன்."

"சாயா குடிச்சிட்டுப் போலாம். கை கழுவிட்டு வாங்க."

பின்கட்டில் குழாய். குழாயை ஒட்டி அடுக்களை ஜன்னல். உள்ளே ஜின்சியின் அம்மா வேளாங்கண்ணியின் குரல்.

"ஏட்டி ஜின்சி, அந்தப் பையனப் பத்தி விசாரிச்சேன். மணக்குடியில பெண்ணு கெட்டினவனாம். அவ காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டாளாம். ஒன்கிட்ட சொன்னானா? இல்லியே! பழைய கார கெட்டிட்டு அழுகது போதாதுன்னு, பழைய மாப்பிளயும் வேணுமாட்டி ஒனக்கு?"

ரிஜோ குழாயை மூடவில்லை. பதிலைக் கேட்கவும் நிற்கவில்லை. பைக்கைச் சத்தமில்லாமல் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை போகவில்லை. அலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. மாலையில் ஒரு படம் மட்டும் வந்தது. பிளைமவுத்துக்குப் பக்கத்தில் ஜின்சி. பதிவு கிடைத்துவிட்டது. நெஞ்சுக்குள் என்னவோ நிறைந்தது. ‘வாழ்த்துகள்’ என்று எழுதினான். அழித்தான்.

பழைய மாப்பிள்ளை... அந்த அம்மா சொன்னதில் என்ன தப்பு?

*

சனிக்கிழமை. ஆரல்வாய்மொழியில் காற்றாலையின் உச்சியில் நின்றிருந்தான். மலைக்கு அப்பால் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கீழே, வெள்ளைத் தூண்களுக்கு நடுவே மண்பாதையில், பாலாடை நிறத்தில் ஒரு கார் மெல்ல ஊர்ந்து வந்தது.

எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது.

ஜின்சி இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் ஸ்பேனர்.

"மொதல்ல அந்த ஹெல்மெட்டக் கழத்துங்க."

கழற்றினான்.

"இந்த வண்டிய சும்மா ஊர்சுத்த எடுக்கப்பிடாது. கண்காட்சிக்கு எடுக்கலாம். பேரணிக்கு எடுக்கலாம். பராமரிப்புக்கு எடுக்கலாம்." ஸ்பேனரை நீட்டினாள். "மறுபடி முறுக்கணும்னு சொன்ன ஆளு வரல்ல. அதான் வண்டி வந்திருக்கு. சட்டப்படி."

பின்சீட்டில் வேளாங்கண்ணி அம்மா தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள்.

"எப்பா... அன்னைக்கு சாயா குடிக்காமப் போயிட்ட. எனக்கு அன்னையிலருந்து சோறு எறங்கல்ல. நெய்மீன் கறி வச்சிருக்கேன்." வேறு எதையோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

இருவரும் சக்கரத்தருகே குத்தவைத்து உட்கார்ந்தார்கள். மழை தொடங்கிவிட்டது.

"அம்மா சொன்னது கேட்டுச்சில்லா?"

தலையாட்டினான்.

"நான் சொன்னது?"

"...இல்ல."

"பாதி கேட்டுட்டுப் போறதே பொழப்பு ஒங்களுக்கு." குரல் உடைந்தது. "பழசுல என்னம்மா குத்தம்னு கேட்டேன். ஒளிச்சு வச்சாத்தான் குத்தம்னு சொன்னேன். அது ஒங்களுக்கும் சேத்துத்தான். ஏன் ரிஜோ சொல்லல்ல?"

ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டினான். இடப்பக்கமாக முறுக்கினான். கை தவறவில்லை. ஒன்று... அடுத்தது... பேச்சும் அதோடு மெல்ல வந்தது.

"மெழுகுதிரி கரண்டுக்கு இல்ல."

"தெரியும்."

"ஜெனிலாவுக்கு. ஞாயித்துக்கிழமை கல்லறையில கொளுத்துவேன். கடக்காத்து... நிக்காது. அணைஞ்சிரும். மறுபடி கொளுத்துவேன். பாக்கெட்டு தீருகது வரைக்கும் நிக்கணும்னு நினைப்பேன். பாதியிலயே வந்துருவேன்." நிறுத்தினான். "அடக்கத்தன்னைக்கு நான் அழல்ல. கல்லு மாதிரி நிக்கான்னு சொன்னாங்க. இதுவரைக்கும் அழல்ல. ஆனா ஒன்னப் பாத்த அன்னைக்கு... சிரிச்சேன் ஜின்சி. வீட்டுக்குப் போயி, நான் என்ன மனுசன்னு ராத்திரி பூரா..."

அவள் அவன் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கித் தரையில் வைத்தாள்.

"அவங்கள எடுத்து வெளிய வையுங்கன்னு நான் சொன்னேனா? ஒங்ககூட வந்த பாகம் அது. அப்படியே இருக்கட்டும். மாத்துனாத்தான் எனக்குப் பிடிக்காது."

மழை அவன் முகத்தில் வழிந்தது. ஜின்சி சட்டென்று அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வலது கண்ணைப் பார்த்தாள். இடது கண்ணைப் பார்த்தாள். மழைத்துளிக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்...

"வருது," என்றாள் மெதுவாக. "தொடைக்காதீங்க. வரட்டும்."

வந்தது. நெடுநேரம் வந்தது. காற்றாலை இறக்கைகள் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தன. அவன் தாடையிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.

"ஜின்சி..."

"ம்."

"எனக்கு நீ வேணும்."

அவள் கன்னம் சிவந்தது. தரையில் கிடந்த ஹெல்மெட்டை ஒரு விரலால் தள்ளிவிட்டாள். "கேட்டுது. முழுசா கேட்டுது." குனிந்தபடியே சொன்னாள். "எனக்கும்... சுசீந்திரத்துலயே. அந்தப் போல்ட்டு ஒடிஞ்சப்பமே."

காருக்குள்ளிருந்து கண்ணாடியில் டொக் டொக் என்று சத்தம்.

"ஏட்டி! அஞ்சு போல்ட்டு முறுக்க இவ்வளவு நேரமா? கறி ஆறுது!"

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா!"

இல்லை. எல்லாம் முடிந்திருந்தது. ரிஜோ அவளைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை அவன் அதைத் தடுக்கவில்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை," என்றாள். "மணக்குடிக்கு நானும் வாறேன். ஒங்க பைக்குல. இந்த வண்டிய அதுக்கு எடுக்கப்பிடாது."

"காத்து ரொம்ப அடிக்குமே..."

"அடிக்கட்டும்." அவள் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து, நடுவில் ஒரு சுடர் இருப்பதுபோலப் பிடித்துக் காட்டினாள். "நீங்க கொளுத்துங்க. நான் மறைச்சுப் பிடிக்கேன்."

கிரீஸ் படிந்த அந்தக் கைகளின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. குவித்த இடத்துக்குள் ஒரு துளியும் இறங்கவில்லை.