அக்கரை நிலையத்திலிருந்து ஓர் அழைப்பு

இடிந்து தரைமட்டமாகிப்போன நிலையத்தின் தொலைபேசியிலிருந்து மூச்சுவிடும் சத்தம் வந்தது.

மழைக்காலத்துப் பிற்பகல். ஜன்னலே இல்லாத அந்த ரேடார் அறையில் ஏசியின் முனகலும், சூடேறிய கம்பிகளின் வாடையும், ஆறிப்போன காப்பியின் கசப்பும் எப்போதும்போலத்தான் இருந்தன. ஆனால் கடலுக்கு அப்பாலிருக்கும் நட்பு நாட்டோடு பேசுவதற்கென்றே வைத்திருந்த அந்தக் கறுப்புத் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தவளுக்கு, நனைந்த சாம்பலின் வாடையும் சேர்ந்தே வந்தது.

அக்கரை நிலையத்தில் வேலை பார்த்தவள் அவளுடைய சொந்த அக்கா. வாழ்க்கைப்பட்டுப் போன நாட்டில் அவளுக்கும் இதே வேலை. ஏவுகணைகளைத் தடுக்க இரண்டு நாடுகளும் கைகோத்த பிறகு, அக்கா தங்கைப் பேச்செல்லாம் இந்தக் கம்பியில்தான். "கண்ணைத் தொடச்சுட்டுப் பாருடி, சோடாபுட்டி" என்று அக்கா கிண்டலடித்தால் அறையே சிரிக்கும்.

ஒரே ஏவுகணையை இரு நாட்டு ரேடார்களும் பார்த்தால், திரையில் இரண்டு புள்ளிகளாகத் தெரிவதுண்டு. இரண்டும் ஒன்றுதானா என்று அக்கரையைக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் அவற்றை ஒன்றாக இணைக்க வேண்டும். அன்றைக்கு அக்கா, கொஞ்சம் இரு, பார்த்துச் சொல்கிறேன் என்றாள். தங்கைக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதிலுக்குக் காத்திராமல் இணைத்துவிட்டாள். ஒன்றுதான் வருகிறது என்று நம்பி ஒன்றைத்தான் தடுத்தார்கள். வந்தவையோ இரண்டு. மற்றது அக்கரை நிலையத்தின்மேல் விழுந்தது. அள்ளி எடுக்கக்கூட அங்கே எதுவும் மிஞ்சவில்லை.

நட்பில் விரிசல் விழுந்துவிடக் கூடாதென்று, பெரியவர்கள் கூடிப் பேசி இயந்திரக் கோளாறு என்று முடித்துவைத்தார்கள். அவளையும் வாய் திறக்கவிடவில்லை. பாவி மனசு ஆறுமா?

இப்போது திரையில், நடுக்கடலில், ஒரு புள்ளி. ஏவுகணையின் வேகம் அதற்கில்லை, படகின் வேகம்கூட இல்லை. ஆள் நடக்கிற வேகம்.

பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டினாள். அவர் கண்ணுக்கு வெறும் கடல்தான் தெரிந்தது. "வீட்டுக்குப் போய்ப் படுங்கம்மா, மூஞ்சியே சரியில்ல" என்று சொல்லிவிட்டு, அவளுக்குத் தண்ணீர் கொண்டுவர வெளியே போனார்.

தொலைபேசியில் குரல்.

"நாந்தான்டி. குளிருது."

"அக்கா..."

"கேக்கலடி. ஒண்ணா, ரெண்டா? அதை மட்டும் சொல்லிடு. போயிடுறோம்."

போயிடுறோம் என்றாளே. யாரெல்லாம்?

புள்ளி கரையைத் தொட்டது. அங்கே சிதறியது. ஒன்று பலவாயிற்று. அக்கரையில் அன்று வேலையிலிருந்தவர்கள் எத்தனை பேரோ, அத்தனை.

வெளி வாசல். மாடிப்படி. நடைக்கூடம்.

ஈரக்கால்களின் சத்தம். நிறைய.

சொன்னாள். இத்தனை நாள் சொல்லவிடாததைச் சொன்னாள். "ரெண்டுக்கா. ரெண்டு. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

"கேக்கலடி."

கத்தினாள்.

"கேக்கலடி. இன்னொரு தரம்."

கதவிலிருந்த சின்னக் கண்ணாடிக்கு அப்பால் அக்கா நின்றாள். பின்னால் மற்றவர்கள், வரிசையாக. அக்கா கையில் ரிசீவர், அறுந்த கம்பியோடு. அதை ஆசையாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், காது இருந்த இடத்தில்.