கை மூடும் அளவு

குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சி போடுகிற நாளில் ஒரு மருமகள் வேலை செய்யாமல் இருக்கிறாள் என்றால், ஒன்று அவள் பிள்ளை பெற்றிருக்க வேண்டும், இல்லை என்றால் செத்திருக்க வேண்டும். ஆன்டோங் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு காரணத்தை எந்த மாமியாரும் ஒப்புக்கொண்டதில்லை. எண்பதை எட்டிப்பிடிக்கப் போகும் மல்சுன் மட்டும் ஒப்புக்கொண்டுவிடுவாளா என்ன?

முற்றம் முழுக்க, இரவெல்லாம் உப்பில் ஊறிய முட்டைக்கோஸ்கள் மலையாகக் குவிந்திருந்தன. மிளகாய் விழுதைப் பெரிய தொட்டியில் கலந்து வைத்தாகிவிட்டது. தேகு நகரத்திலிருந்து மகள் மிசுக் விடியும் முன்னே காரில் வந்து இறங்கி, ரப்பர் கையுறையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர், நாளை அவர்கள் வீட்டு வேலைக்கு இவர்கள் போக வேண்டிய கணக்கில், முக்காலி போட்டு அமர்ந்திருந்தார்கள். மருமகள் ஹேரான்தான் கடைசியாக வந்தாள். அதுவும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நாலு குளிர்காலத்துக்கு முன்னால் சந்தைப் படிக்கட்டில் பனியில் வழுக்கி விழுந்தவள் அவள். மணிக்கட்டு முறிந்தது. எலும்பு நல்லபடியாகக் கூடிவிட்டது. வலி மட்டும் போக மறுத்துவிட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும், அங்கிருந்து தோளுக்கும், பிறகு முதுகுக்கும் குடியேறி நிரந்தரமாகத் தங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து மல்சுனுக்கு ஒரு பேச்சு கிடைத்துவிட்டது. "படத்துலயே ஒண்ணுமில்லையாமே" என்று சாப்பிடும்போது சொல்வாள், துணி மடிக்கும்போது சொல்வாள், விருந்தாளி வந்தால் அவர்களிடமும் சொல்வாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும், பல் வலித்தால் கன்னம் வீங்கும். ஹேரானுக்கு வெளியே காட்ட எதுவுமே இல்லை. போதாக்குறைக்கு, நேற்று தையல் ஊசி பிடித்த கை இன்று கரண்டி பிடிக்காது. மேல்சட்டை உரசினாலே நெருப்பு பட்டதுபோல் இருக்கும். இன்று அப்படிப்பட்ட நாள்.

அப்படியிருந்தும் முட்டைக்கோஸ் ஊறிய தொட்டியில் கையை விட்டாள். ஐஸாகக் குளிர்ந்த உப்புத்தண்ணீர் பட்டதும் உச்சந்தலைவரை ஒரு வெட்டு வெட்டியது. தூக்கிய முட்டைக்கோஸ் கைநழுவி மிளகாய் விழுதின்மேல் விழுந்து, உப்புத்தண்ணீர் முழுக்க விழுதில் கலந்தது. அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மல்சுன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "ஊசியப் பிடிச்சுக்கிட்டுக் கதவச் சாத்தி உக்காந்தா நாள் பூரா உக்காரத் தெரியுது. முட்டைக்கோஸத் தொட்டாத்தான் கை வலிக்குது. நல்ல கைதான்" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, உள்ளே போகச் சொல்லிக் கண்ணால் ஜாடை காட்டினாள்.

ஹேரான் சமையலறை வாசலில் ஒதுங்கி நின்றாள். உள்ளே போய்ப் படுக்கவும் மனசில்லை, வெளியே வந்து உட்காரவும் முடியவில்லை. கணவன் தோங்சு சரக்குக் கப்பலில் எங்கோ நடுக்கடலில் இருந்தான். அவன் இருந்தாலும் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மிசுக், தரையில் விரிக்கப் பழைய விரிப்பு தேடி அண்ணியின் அலமாரியைத் திறந்தாள். திறந்தவள் திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது கையில் விரிப்பு இல்லை. மஞ்சள் பாரித்த முரட்டுச் சணல் துணியில் தைத்த ஒரு முழு உடுப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அது என்ன உடுப்பு என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டாம். பிணத்துக்குப் போடுகிற கோடி உடுப்பு. சந்திரக் கணக்கில் ஒரு மாதம் கூடுதலாக, அதிக மாதமாக வருகிற வருஷத்தில் பிள்ளைகள் தங்களைப் பெற்றவர்களுக்கு இதைத் தைத்து வைப்பதுண்டு. அப்படித் தைத்து வைத்தால் ஆயுசு கூடும் என்று கிழடுகள் சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொள்ளும். இந்த வருஷம் அதிக மாதம் இல்லை. மற்றக் காலத்தில் மருமகள் இதைத் தைத்து ஒளித்து வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"அம்மா, உன் மருமக உனக்கு எல்லாம் தயாரா வெச்சிருக்கா பாரு" என்றாள் மிசுக்.

மல்சுன் மெதுவாக எழுந்து, கையுறையைக் கழற்றி வைத்தாள்.

"ஏண்டி, என்னை அனுப்பிவைக்க அவ்வளவு அவசரமா உனக்கு? நான் உன் பங்குச் சோத்தையா திங்கிறேன்?"

ஹேரான் வாய் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி போயிருக்கும். ஆனால் அந்த வார்த்தையை இந்த வீட்டில் சொல்லக் கூடாது. மல்சுனுடைய மூத்த மகன் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவன். பெற்றவளுக்கு முன்னால் பிள்ளை போவதைவிடப் பெரிய துரோகம் அவளுக்கு வேறெதுவும் இல்லை. அன்று விழுந்தவள் எழுந்து நடமாட இரண்டு வருஷம் ஆயிற்று. அவளிடம் போய் எதைச் சொல்வது? மாமியார் சாவுக்குக் காத்திருந்தவள் என்ற பெயரே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஹேரான் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேச மாட்டா. எப்படிப் பேசுவா? கெளம்பு. அந்த மாதா கோயில் சிநேகிதி இருக்காளே, அவ வீட்டுக்கே போ. தோங்சு வந்தா நான் சொல்லிக்கிறேன்."

"சரி அத்தே" என்றாள் ஹேரான். இருபத்திரண்டு வருஷம் இருந்த வீட்டை விட்டுக் கிளம்ப அவளுக்கு அந்த இரண்டு வார்த்தைதான் கிடைத்தது. உள்ளே திரும்பினாள்.

மல்சுனுக்கு அந்தப் பணிவுதான் பொறுக்கவில்லை. மகள் கையிலிருந்த உடுப்பைப் பிடுங்கினாள். "பாருங்கடி எல்லாரும். எனக்கு எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போங்க" என்று கம்பளிச் சட்டைக்கு மேலேயே அதை மாட்டினாள். ஒரு கையை நுழைத்தாள், மறு கையை நுழைத்தாள், நீட்டிக் காட்டினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

கோடி உடுப்பின் கை, விரல் நுனியைத் தாண்டித் தொங்க வேண்டும். செத்தவர்களின் கை வெளியே தெரியக் கூடாது. ஆன்டோங்கில் தையலே தெரியாதவளுக்கும் இது தெரியும். மல்சுன் அந்த ஊரிலேயே உயரமான பெண்பிள்ளை. அவளுடைய விரல்கள் முழுசாக வெளியே தெரிந்தன.

"அளவுகூட ஒழுங்கா எடுக்கத் தெரியல" என்று மிசுக் ஆரம்பித்தாள்.

"நீ வாய மூடு" என்றாள் மல்சுன்.

உடுப்பைக் கழற்றிக்கொண்டு நேரே மருமகளிடம் போனாள். அவளுடைய வலது கையைப் பிடித்து நீட்டி, அதன்மேல் சட்டைக் கையை வைத்துப் பார்த்தாள். தோளில் சரியாக உட்கார்ந்து, விரல் நுனியைத் தாண்டி நாலு விரற்கடை தொங்கியது.

"இது யாருக்குடி?"

"அத்தே..."

"யாருக்குன்னு கேட்டேன்."

"எனக்குத்தான் அத்தே."

அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. ஹேரான் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னாள். கையை வெட்டிப் போட்டால் தேவலை என்று முதலில் தோன்றியதாம். பிறகு கை மட்டும் போனால் போதாது என்று தோன்றியதாம். போகிறவள் மற்றவர்களுக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்றுதான் சணல் துணி வாங்கி, தனக்கே தைக்க ஆரம்பித்திருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை அது.

"அப்ப இது மூணு வருஷமாத் தைக்கிறதா?" என்றாள் மல்சுன்.

"இல்லைங்க, இது பத்தாவதோ பதினொண்ணோ" என்று முற்றத்திலிருந்து பதில் வந்தது.

ஹேரானின் சிநேகிதி மோனிகா கேட்டைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். கோயிலில் எல்லோருக்கும் ஞானஸ்நானப் பெயர்தான். இவள் மோனிகா, ஹேரான் அகதா. கோயிலைச் சேர்ந்த யாராவது இறந்தால் போய்க் குளிப்பாட்டி, உடுத்தி, ஜெபம் சொல்லி அனுப்புகிற கூட்டத்தில் மோனிகாதான் தலைவி. இரவெல்லாம் கண் விழித்த முகம்.

"முதல் உடுப்ப இவ தைக்கிறத நான் பாத்துட்டேன்மா. புத்தி சொல்லல. நல்லாத் தைக்கிறே, முடிஞ்சதும் சொல்லுன்னேன். முடிஞ்ச அன்னிக்கு வந்து, நாதியத்த ஒரு பொம்பள முதியோர் ஆஸ்பத்திரியில செத்துக் கெடக்கா, உடுத்த ஒண்ணுமில்ல, இதக் குடு, நீ வேற தைச்சுக்கலாம்னு வாங்கிட்டுப் போனேன். அப்புறம் ஒவ்வொண்ணும் அப்படித்தான். முடிஞ்ச உடுப்பு இவகிட்ட ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாதுன்னு எனக்கு நானே ஒரு சட்டம் வெச்சிருந்தேன். நேத்து இது முடியும்னு தெரிஞ்சும், ஒருத்தி உயிர் போற வரைக்கும் பக்கத்துல இருக்க வேண்டியதாப் போச்சு. வர முடியல. விடியறவரைக்கும் எனக்கு உசிரு உசிரா இல்லை."

ஹேரான் அழுதாள். வலியை எடுத்துவிடு என்று மாதாவிடம் கேட்பதை அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள். இந்த ஒரு மடிப்பு முடிகிறவரை தாங்க விடு என்று மட்டும் கேட்பாள். கோடி உடுப்பில் நூலுக்கு முடிச்சுப் போடக் கூடாது, ஒவ்வொரு முனையையும் திருப்பித் தைத்துத்தான் நிறுத்த வேண்டும். அப்படித் திருப்புகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு தரம் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்வாள். முகம் தெரியாத யாரோ ஒருத்தி இதை உடுத்திக்கொண்டு மரியாதையாகப் போவாள் என்று நினைக்கும்போது வலி குறையாது. ஆனால் அதனோடு ஒரே அறையில் இருக்க முடிந்தது. மோசமான நாட்களில் மோனிகா வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஊசிகளில் நூல் கோத்து வைத்துவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவாள். அப்படித்தான் மூன்று வருஷம் ஓடியது.

"சொல்லியிருக்கலாமேடி" என்றாள் மல்சுன்.

"மூத்தவரு போனப்போ உங்களப் பக்கத்துலயிருந்து பாத்தவ நானு. இன்னொரு தடவை உங்க காதுல அதைப் போடச் சொல்றீங்களா அத்தே?"

மிசுக் தலையைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரி ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

மல்சுன் அந்த உடுப்பை முற்றத்து நடுவிலேயே உட்கார்ந்து மடித்தாள். கையைக் கையோடு சேர்த்து, கழுத்தை உள்ளே வைத்து, பச்சைக் குழந்தைத் துணியை மடிக்கிறதுபோல் மடித்து மோனிகாவிடம் கொடுத்தாள். இறந்தவள் பெயர் என்ன என்று மட்டும் கேட்டாள். மோனிகா சொன்னாள். கிழவி அந்தப் பெயரை ஒரு தரம் தானும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மகளைப் பார்த்து, கெட்டுப்போன விழுதில் இன்னும் மிளகாய்த் தூள் போடு என்றாள். பிறகு மருமகளின் அறைக்குள் நுழைந்தாள்.

ஹேரான் பின்னாலேயே போனாள். மல்சுன் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு, அறை நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தாள்.

"அளவெடு."

"எதுக்கு அத்தே?"

"அடுத்தது எனக்கு. அத மட்டும் உன் சிநேகிதிக்குக் குடுக்கக் கூடாது."

"இது அதிக மாசம் இல்லையே..."

"மாசம் கெடக்குது. இந்த வீட்டுல வரிசை ஒரு தடவை தப்பிப்போச்சு. இன்னொரு தடவை தப்ப நான் விட மாட்டேன். நான்தான் முன்னால போவேன். மெதுவாத் தை. கை முடியலைன்னா வெச்சுட்டுப் படு. எனக்கு அவசரமில்ல."

ஹேரான் அளவு நாடாவை எடுத்தாள். கை நீளம் எடுத்தாள், தோள் எடுத்தாள். மார்பைச் சுற்றி அளக்க அணைத்துப் பிடித்தாற்போல் நிற்க வேண்டும். இந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து அவள் மாமியாரை அவ்வளவு கிட்டத்தில் தொட்டதில்லை. நாடாவைப் பின்பக்கம் கொண்டுபோக அவளால் கையைத் தூக்க முடியவில்லை. மல்சுன் முழங்காலை மடித்துத் தன் உயரத்தைக் குறைத்துக்கொண்டாள். நாடா கீழே விழுந்தது. கிழவி அவளை இரண்டு கையாலும் இழுத்து அணைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டாள்.

"வலிக்குதாடி?"

"வலிக்குது அத்தே."

மல்சுன் கையை எடுக்கவில்லை. பிடியை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டாள்.