இரண்டு எட்டு

மெழுகுதிரிப் புகையும் மழைக்கு முந்திய கடல் வாடையும் கலந்து, குருநகர் வீட்டின் உப்பேறிய அறைக்குள் மூச்சு முட்டிக்கொண்டிருந்த பின்னேரம், எல்லோரும் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கையில், சுவருக்குள் யாரோ நகத்தால் கீறினார்கள். நீட்டி மூன்று கீறல், சுருக்காக இரண்டு தட்டு. மறுபடியும் அதே மாதிரி.

ஸ்ரெல்லாவின் வாய் "அருள் நிறைந்த" என்பதோடு நின்றுவிட்டது.

தந்திக் குறியில் அது எட்டு என்ற எண். இரண்டு எட்டு சேர்ந்தால், தந்திக்காரரின் பாஷையில் அன்பும் முத்தமும். கப்பலில் தந்தி அடித்த அவள் புருசன் கிறிஸ்ரோபர், கலியாணம் முடித்த புதிதில் பூசை நேரத்திலும் அவள் உள்ளங்கையில் அதைக் கீறுவார். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு திருப்பிக் கீறுவாள்.

பாரிசவாதம் வந்து பேச்சுப் போன பிறகு, அவருக்கு மிஞ்சியது அது மட்டும்தான். கட்டிலில் கிடந்தபடி பகல் முழுக்கச் சுவரில் கீறினார். மகள் கிறிஸ்ரினாவைப் பொம்பிளை பார்க்க வந்தவர்கள் "உதென்ன சத்தம்?" என்று கேட்டார்கள். "எலி" என்றாள் ஸ்ரெல்லா. சீ, அதுவும் ஒரு வாயா! அவர் கிடந்த அறையின் கதவு திறந்துதான் கிடந்தது. அன்றோடு கீறுவதை நிறுத்தியவர் போன மாதம் செத்துப்போனார். இன்று முப்பத்தோராம் நாள்.

"ஏன் நிப்பாட்டிட்டாய்?" என்றாள் அவருடைய தமக்கை மக்டலீன். "சுவருக்கை என்ன சத்தம்?"

"ஒண்டுமில்லை, மச்சாள்."

மறுபடியும் பொய். காது கொதித்தது. மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருக்க, இத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வாள்?

கீறல் கிட்ட வந்தது. சுவரிலிருந்து அலுமாரிக்கு. அலுமாரியிலிருந்து அவள் இருந்த கதிரைக்கு. முதுகில் மரம் அதிர்ந்தது. பிறகு நெஞ்சுக்குள்.

நீட்டி மூன்று. சுருக்காக இரண்டு. மறுபடியும்.

பிறகு ஒன்றுமில்லை. துடிப்பே இல்லை.

கண் இருண்டது. பதறிப்போய்க் கதிரைக் கையில் கீறினாள், இரண்டு எட்டு. உடனே நெஞ்சு அடித்தது. அதே இரண்டு எட்டு. பிறகு நின்றது. அவள் கீறினாள். அடித்தது. நின்றது. நகம் பிய்ந்தது. அப்படியும் கீறினாள்.

செபம் ஓய்ந்துவிட்டது. எல்லோருடைய கண்ணும் அவள் விரலில்.

"அம்மா, சும்மா இருங்கோ." கிறிஸ்ரினா வெட்கத்தில் முகம் சிவந்து காதோடு சொன்னாள். "மாப்பிள்ளை வீட்டாக்கள் பாக்கினம்."

தாயின் இரண்டு கையையும் பிடித்து, மடியில் வைத்து அமத்தினாள். "பிள்ளை, விடு" என்று சொல்ல வேண்டும். ஏனென்று கேட்பாள். ஸ்ரெல்லா வாயை மூடிக்கொண்டாள்.

நெஞ்சில் இரண்டு எட்டு அடித்தது. ஓய்ந்தது. பதிலுக்குக் காத்திருந்தது.

கிறிஸ்ரினா பிடியை இன்னும் இறுக்கினாள். செபம் மறுபடி தொடங்கியது.